கேமராவுக்குள் தண்ணீர் எப்படிப் போனது?

பிரவீனாவைப் பொறுத்தவரை உலகத்தில் இருக்கும் பொருள்கள் இரண்டே வகை. நனைந்தால் கெட்டுப்போகிறவை, நனைந்தாலும் கெட்டுப்போகாதவை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அப்பா கதிர்வேல் கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் இழுக்கும் மோனோபிளாக் மோட்டார், மழையில் நனைந்தால் புகைந்துவிடும். போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கோ, வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றித்தான் அனுப்பி வைப்பார்கள்.

ஆகவே, பட்டறைக்கு மேலே மாடி வீட்டில் குடியிருந்த கிருபா அக்கா தன் அலுவலகக் கேமராவைக் கொண்டுவந்து காட்டியபோது, பிரவீனா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏனுங்க்கா, இது மோனோபிளாக்குங்களா, சப்மெர்சிபிளுங்களா?"

கிருபா அக்கா ஒரு நாளிதழில் புகைப்படக்காரர். அது டிஜிட்டல் கேமரா. பிலிம் கிடையாது. எடுத்த படம் உள்ளே இருக்கும் சின்ன அட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1999-இல் ஊரில் பலர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதன் விலைக்கு ஒரு காரே வாங்கலாம்.

கிருபா சிரித்தாள். "ரெண்டுக்கும் நடுவுல கண்ணு. மூடி விளிம்புல எல்லாம் ரப்பர் வெச்சிருக்காங்க. மழை தாங்குமாம், கெணறு தாங்காதாம்."

"எவ்வளவு மழைங்க்கா தாங்கும்?"

"அது தெரியலையே!"

தெரியாத விஷயம் என்றால் பிரவீனாவுக்குத் தூக்கம் வராது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். அப்பா ஒரு தறி மோட்டாரைப் பார்க்கச் சோமனூர் போயிருந்தார். பட்டறையில் பிரவீனாவும், காயில் கட்டும் சென்னியப்பன் மாமாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சொட்டச் சொட்ட நனைந்து, கிருபா உள்ளே ஓடி வந்தாள். கையில் கேமரா.

"போச்சு கண்ணு, போச்சு! சிங்காநல்லூர் குளம் நிரம்பி வழியுது. நல்ல நல்ல படமா எடுத்தேன். பாதியில பேட்டரி தீந்துபோச்சு. ஒரு கடைக்குள்ள ஒதுங்கிப் புதுசு மாத்துனேன், கொஞ்ச நேரம் ஓடுச்சு. இப்போ உசுரே இல்ல!"

சொல்லிக்கொண்டே கேமராவின் பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

"அக்கா! அமுக்காதீங்க!"

பிரவீனா போட்ட சத்தத்தில் சென்னியப்பன் மாமா கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே விட்டுவிட்டார்.

"நனைஞ்ச மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கக் கூடாதுங்க்கா. முதல்ல பியூஸைப் புடுங்கோணும்."

"இதுல பியூஸ் எங்க இருக்குது?"

"பேட்டரிதாங்க. ஆனா இருங்க, உடனே தொறக்காதீங்க. மேல இருக்கற தண்ணி உள்ள போயிரும்."

பட்டறை மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் இருந்தது. திருப்பூரிலிருந்து வரும் வெட்டுத் துணி. கிரீஸ் துடைப்பதற்கு வாங்கி வைத்தது. பிரவீனா அதில் வெள்ளையாக, மெத்தென்று இருந்த துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தாள். இருவரும் கேமராவை மேலிருந்து கீழாக ஒற்றித் துடைத்தார்கள். பிறகுதான் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திறந்தார்கள்.

உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்.

கிருபா பேட்டரியையும் அட்டையையும் உருவி எடுத்தாள். அவள் முகம் வாடிப்போனது.

"எங்க ஆபீசு வேலுமணி சார் அப்பவே சொன்னாரு. இது மழைக்கு ஆகாது, மழைக்காலம் முடியற வரைக்கும் பீரோவுல இருக்கட்டும்னாரு. நான்தான் மல்லுக்கட்டி வாங்கிட்டு வந்தேன். இனி என் கைக்கு இது வராது கண்ணு."

"அட, ஏனுங்க அம்மணி கவலைப்படறீங்க?" என்றார் சென்னியப்பன் மாமா. "நம்ம தகரப் பெட்டி இருக்குதல்ல. உள்ள வெச்சு எரநூறு வாட் பல்ப்பைப் போட்டா, அப்பளமாட்டக் காஞ்சிரும்."

ஈர மோட்டார்களை அப்படித்தான் காயவைப்பார். சொன்னதோடு பெட்டியின் கதவையும் திறந்துவிட்டார்.

பிரவீனா குறுக்கே போய் நின்றாள். "மாமா, மோட்டாரைப் பெட்டியில வெக்கறதுக்கு முன்னால ரப்பரை என்ன பண்ணுவீங்க?"

"கழட்டிப்போடுவேன். இல்லீன்னா இளகிப் போயிருமல்ல."

"இதுல ரப்பரைக் கழட்ட முடியாதுங்களே."

மாமா கேமராவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூடிகளைத் திறந்துவைத்து, காற்றுப்படும்படி கேமராவைச் சாய்த்து வைத்தார்கள். கிருபா மேலே போய்த் துணி மாற்றிக்கொண்டு வந்தாள். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பிரவீனாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ரப்பர் இருந்தும் தண்ணீர் எப்படி உள்ளே போனது? ஒரு கல்லோ முள்ளோ கிழித்திருக்குமோ? டார்ச் லைட்டை எடுத்து, மூடியின் விளிம்பை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

ரப்பரில் கிழிசல் இல்லை. ஆனால் ஒரு மூலையில், ரப்பர் பதியும் பள்ளத்தில், மஞ்சளாக ஏதோ இறுகி ஒட்டியிருந்தது.

பிரவீனா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

சந்தனம்.

போன வாரம்தான் ஆயுத பூஜை. பட்டறையில் ஒரு ஸ்பேனர் பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் கிருபா அக்காவும், "என் மெஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேமராவை வரிசையில் கொண்டுவந்து வைத்தாள். அதற்குச் சந்தனம் வைத்தது பிரவீனா. விலை உயர்ந்த பொருள் ஆயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தாள். வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டார்கள். மூடி இடுக்கு வழியாகப் பள்ளத்துக்குள் வழிந்தது யார் கண்ணிலும் படவில்லை.

நகத்தால் சுரண்டினால் இரண்டே நொடியில் போய்விடும். யாருக்கும் தெரியாது.

ஆனால் கேமராதான் மழை தாங்கவில்லை என்று எல்லாரும் நினைப்பார்கள். அது பீரோவுக்குள் போய்விடும்.

"அக்கா," என்றாள். "கேமரா மேல தப்பில்லீங்க்கா. என் மேலதான்."

டார்ச்சை அடித்துக் காட்டினாள்.

கிருபா குனிந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"சந்தனம்!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். "மூடி சாத்துனா டக்குனு சத்தம் வந்துச்சே, அதனால நல்லா மூடியிருக்குதுன்னே நெனச்சுட்டேன்."

"கோவமில்லீங்களா?"

"வரிசையில கொண்டாந்து வெச்சது யாரு? நானு. பாதித் தப்பு எனக்கு."

"அப்போ அரைச்சுக் குடுத்த எனக்கு?" என்றார் சென்னியப்பன் மாமா.

"உங்களுக்கும் கொஞ்சம் தாரேனுங்க!"

பல் விளக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுத்தம் செய்தார்கள். கேமராவின் வயிறு நன்றாகக் காய்ந்த பிறகு, பேட்டரியையும் அட்டையையும் போட்டார்கள். கிருபா கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

பின்பக்கத்துச் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. சிங்காநல்லூர் குளம் வந்தது. முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தோளில் சுமந்து போகும் ஒரு தாத்தாவும் வந்தார். எல்லாப் படமும் பத்திரம்.

"ஆனா வேலுமணி சார் கேப்பாரே," என்றாள் கிருபா. "மறுபடி மழை பேஞ்சா உள்ள போகாதுன்னு எப்படிச் சொல்லறதுன்னு?"

பிரவீனா தன் பையிலிருந்து இங்க் பேனாவை எடுத்தாள். ஒரு காகிதத் துண்டில் நீளமாகக் கோடு போட்டாள்.

"அட்டையையும் பேட்டரியையும் எடுத்துருங்க்கா. இந்தக் காயிதத்தை உள்ள வெச்சு மூடலாம். ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் இங்க் பரவிரும்."

கிருபா கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆனாலும் தலையாட்டினாள்.

பிரவீனா கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூரைத் தண்ணீர் குழாயிலிருந்து கொட்டும் இடத்துக்கு நேராகப் போனாள்.

"அடியே! அது மழையில்ல, அருவி! இந்தப் பக்கம் வா!" என்று கிருபா பதறினாள்.

சரி என்று நடு வாசலுக்கு வந்தாள். ஏழாம் வாய்ப்பாடு முடியும்வரை மழையில் நிற்பது என்று பேச்சு. ஏழெட்டு எவ்வளவு என்பதில் தடுமாறி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அம்பத்தாறு கண்ணு, அம்பத்தாறு!" என்று கிருபா உள்ளேயிருந்து கத்தினாள்.

முடித்து உள்ளே வந்ததும், மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். கேமராவைத் துடைத்து, மூடியைத் திறந்தார்கள்.

காகிதம் மொறுமொறுவென்று இருந்தது. கோடு அப்படியே நேராக இருந்தது.

"இதை வேலுமணி சார் மேசையிலயே ஒட்டி வெக்கப் போறேன்," என்று கிருபா அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மழையிலேயே அலுவலகத்துக்கு வண்டியைக் கிளப்பினாள்.

கம்பிச் சுருளைத் தேடி எடுத்துக்கொண்டு சென்னியப்பன் மாமா உட்கார்ந்தார். "ஆக, இந்த மழையில உள்ளுக்குள்ள வரைக்கும் நனைஞ்சது யாரு?"

பிரவீனா பாவாடை நுனியைப் பிழிந்தாள். பட்டறைத் தரையில் ஒரு குட்டிக் குளம் உண்டானது.

"நானுங்க," என்றாள்.