கோடியைத் திறந்தவர் யார்?

கிளியம்மாள் வந்தபோது ஸ்ரீபெரும்புதூரில் மழை பிடித்து மூன்று நாளாகியிருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறைக்குப் படியேறி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை உடனே இழுத்துக்கொண்டார்.

"போலீஸ் ஸ்டேசன்ல குடுத்ததும்மா. எங்க வூட்டுக்காரரு பேரு இதுல கீது. அந்தப் பேரு இதுலேர்ந்து போவணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

மதிவதனி காகிதத்தை மெதுவாகப் படித்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வெள்ளச் சேதத்தை அளந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவருடைய உதவியாளர் ஷெர்லின், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களின் தரம் பார்த்தவள். எதிலாவது ஒரு குறையைக் கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் ஏற்கெனவே மதிவதனியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். எறையான்பாக்கம் ஏரியைத் தூர்வாரி, கரையை உயர்த்த ஒரு தொழிற்சாலையின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஊர் அதை 'டிரஸ்ட்' என்றது. போன டிசம்பர் புயலில், விடிகாலையில், அந்தப் புதுக் கரை உடைந்தது. வெள்ளம் தொழிலாளர்கள் குடியிருந்த வாடகை அறைகளுக்குள் புகுந்து இரண்டு பேரைக் கொன்றது. கிளியம்மாளின் கணவரும் ஏரியின் நீர்க்கட்டியுமான அப்பாவுவின் உடல் இரண்டு நாள் கழித்து வேலிக்காத்தான் புதரில் கிடைத்தது. மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுவிடுவது அவர் வேலை. வயலெல்லாம் மனைகளான பிறகும் அவர் ஏரியை விடவில்லை. தினமும் காலையில் நீர்மட்டத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி டிரஸ்ட் அவருக்கு ஒரு போன் கொடுத்திருந்தது.

அந்தப் போனிலிருந்துதான் உடைப்பு நடந்த அன்று காலை ஆறு நாற்பதுக்கு ஏரிக் குழுவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி போயிருந்தது: 'கோடியைத் திறந்து விட்டேன். தண்ணீர் குறையவில்லை. வேறு வழியில்லை, கரையை வெட்டுகிறேன். அப்பாவு.'

ஆள் இறந்துவிட்டதால் வழக்கை மூடிவிட்டார்கள். கரையை ஊர்க்காரனே வெட்டிய இடத்தில் எதற்குச் செலவழிப்பது என்று டிரஸ்ட் அடுத்த கட்டப் பணத்தையும் நிறுத்திவிட்டது. உடைந்த இடத்தில் மணல் மூட்டைதான் இருக்கிறது.

"ஊர்ல ஒருத்தரும் என்கிட்டப் பேசறதில்லம்மா. உன் புருசனாலதான் பணம் நின்னுச்சுன்றாங்க" என்றார் கிளியம்மாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியுமா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சவரு. தப்பும் தவறுமா அடிப்பாரு. ஆனா அன்னிக்கிப் போன எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போனாரு. நனைஞ்சிடும்னு சொன்னாரு. என் மடியிலதான் இருந்துச்சு. பொண்டாட்டி பேச்ச எவன் நம்பறான்?"

"பிள்ளைங்க?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் முகம் தெளிந்தது. "ஒரே பையன். பிரசன்னா. அந்த டிரஸ்ட்லயே ஆபீசரா கீறான். போனவரு போயிட்டாரு, வுடும்மான்றான். அவனுக்குத் தெரியாமத்தான் வந்துக்கிறேன். ஆறு வயசுல ஆஸ்டல்ல போட்டோம்மா அவன. ஏரிப் பக்கமே வந்ததில்ல. அவன் கால்ல சேறு பட வுட்டதில்ல நானு."

மதிவதனி போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மழை சற்று ஓய்ந்திருந்தது. ஷெர்லினின் ஸ்கூட்டரில் இருவரும் எறையான்பாக்கம் போனார்கள். ஏரிக் குழுத் தலைவர் ரகுபதி கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட்டை இறக்கிவிட்டு வந்து, அவர்களைக் கரையோரமாகவே நடத்திக் கூட்டிப்போனார். கரையின் வடக்கு முனையில் இடுப்புயரத்துக்குப் பழைய கல்சுவர் ஒன்று நின்றது.

"இதான் கோடி. ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி இதும்மேல வழிஞ்சு போவும்."

"நான் பணக் கோடின்னு நெனச்சேன்" என்றாள் ஷெர்லின்.

"அது அவங்க ஆபீஸ்ல கீது. எங்களுக்கு இதான்."

மதிவதனி சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். "இதைத் திறக்கணும்னா எப்படித் திறப்பீங்க?"

ரகுபதி சிரித்துவிட்டார். "தொறக்கறதா? சுவத்த யாருனா தொறப்பாங்களா? மதகத்தான் தொறப்போம். இது தானா வழியறது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சிரிப்பு நின்றது. "ஐயோ. அந்த மெசேஜு. நாங்க யாரும் முழுசாப் படிக்கலம்மா. கரைய வெட்டறேன்னு பாத்ததும் கண்ணு அங்கியே நின்னுப்போச்சு."

முப்பது வருசம் கூடவே இருந்த மனிதனை ஒரு வரியைப் படித்துக் கைகழுவிவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு நாளில் ஷெர்லின் பம்பரமாய்ச் சுற்றி மூன்று சேதிகளோடு வந்தாள். அந்த ஊரின் செல்போன் கோபுரம் உடைப்பு நடந்த அன்று காலை நாலு மணிக்கே செத்து, மதியம்தான் பிழைத்தது. ஆகவே ஆறு நாற்பதுக்கு எறையான்பாக்கத்திலிருந்து எந்தப் போனும் எதையும் அனுப்பியிருக்க முடியாது. அப்பாவுவின் வாட்ஸ்அப், டிரஸ்ட் அலுவலகக் கணினி ஒன்றோடு இணைக்கப்பட்டிருந்தது. படங்களை எடுத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. போன் அணைந்து கிடந்தாலும் அந்தக் கணினியிலிருந்து அவர் பெயரில் செய்தி போகும். மூன்றாவது, அன்று காலை புயல் பணிக்காக அந்த அலுவலகத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள்: மேலாளர் செந்தமிழன், ஒப்பந்தக்காரர் வெங்கடேசன், வேலைகளை மேற்பார்த்த பிரசன்னா.

"வெங்கடேசன்தான் மேடம்! வேலை முடிஞ்ச சான்றிதழைப் பாத்தேன். சுவர்ல இரும்புக் கதவு வெச்சதா எழுதியிருக்கு, கரையில மண்ணை அடுக்கடுக்கா இறுக்கினதா எழுதியிருக்கு. ஒண்ணுமே செய்யலை. கரை தானா உடைஞ்சதுன்னா மாட்டிக்குவாரு. யாரோ வெட்டினாங்கன்னா தப்பிச்சுக்குவாரு."

"காரணம் சரி. ஆனா கதவு இல்லைன்னு அவருக்குத்தானே நல்லாத் தெரியும்? இல்லாத கதவை எப்படித் திறந்தேன்னு எழுதுவார்?" என்றார் மதிவதனி. பிறகு, "அந்தச் சான்றிதழ்ல அந்த இடத்துக்கு என்ன பேர் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ்ல வியர்னு இருக்கு. கோடிங்கற வார்த்தையே எங்கயும் இல்லை."

மதிவதனி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இந்த வேலையை நாம எடுத்திருக்கக் கூடாது, ஷெர்லின்" என்றார்.

சனிக்கிழமை முற்பகல் டிரஸ்ட் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். அம்மாவை அங்கே பார்த்ததும் பிரசன்னா பதறிப்போய், "நீ எதுக்கும்மா மழையில வந்த?" என்று தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தான். மதிவதனி ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். கல்சுவர் ஒன்றின்மேல் தண்ணீர் மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது.

"இது என்னன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

செந்தமிழன் தென்காசிப் பக்கத்துக்காரர். "மறுகால்லா இது? எங்க ஊர்ல குளம் பெருகினா மறுகால் பாயும்பாங்க. இங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்."

பிரசன்னா படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எதுவோ ஒரு தடுப்புச் சுவர் மாதிரி இருக்கு. எந்த ஊர் மேடம் இது?"

வெங்கடேசன் அதைக் கையில் வாங்கவே இல்லை. "கோடிதான் மேடம். எறையான்பாக்கத்துக் கோடி."

கிளியம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"செய்தியில இருந்தது ஒரு தப்பான வார்த்தை" என்றார் மதிவதனி. அவர் குரல் எப்போதும்போலத் தணிந்தே இருந்தது. "கோடியைத் திறந்து விட்டேன். அப்பாவு அதை எழுதியிருக்க மாட்டார், அது வெறும் சுவர்னு அவருக்குத் தெரியும். வெங்கடேசனுக்கும் தெரியும். செந்தமிழனுக்கு அந்த வார்த்தையே தெரியாது. காகிதத்துலயும் அது இல்லை. அப்போ எழுதினவருக்கு வார்த்தை தெரியும், பொருள் தெரியாது. கோடி கோடின்னு வீட்டுல கேட்டிருக்கணும். ஒரு நாள்கூட அங்க போயிருக்கக் கூடாது. கதவு வெச்சாச்சுன்னு காகிதத்துல வந்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

பிரசன்னா மறுக்கவில்லை. அம்மாவின் நாற்காலிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மார்ச்சுக்குள்ள முடிக்கணும்னாங்க. நாப்பது வேலை, ஒரு ஆளு. மத்த ஏரிக்கெல்லாம் போனேன். இது அப்பா ஏரிதானேன்னு போகாமலே கையெழுத்துப் போட்டேன். கரையில மண்ண இறுக்கவே இல்லடான்னு ஒருநா அப்பா போன் பண்ணாரு. மீட்டிங்ல இருக்கேன்னு வெச்சிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அன்னிக்கி கரை உடைஞ்சிடுச்சுன்னு தாலுகா ஆபீஸ்லேர்ந்து சேதி வந்ததும் என் கையெழுத்துதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அப்பா பேர்ல மெசேஜ் போட்டா வயசானவர்னு விட்டுடுவாங்க, ஏரிய விட்டு அனுப்பிடுவாங்க, எங்கூட வந்து இருப்பாருன்னு நெனச்சேன். சத்தியமா, அப்போ அவரு உயிரோட இல்லன்னு எனக்குத் தெரியாதும்மா."

கிளியம்மாள் அழவில்லை. அவன் தலைமேல் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஒரு தபா ஏரிக்கு அவருக்கு நான்தான் சோறு எடுத்துக்கினு போவேன்னு அழுதான்" என்று மதிவதனியிடம் சொன்னார். "லீவுல வந்திருந்தான். நான்தான் சோத்துத் தூக்கப் புடுங்கிக்கினேன். உங்கப்பன் மாதிரி சேத்துல நிக்கணுமாடான்னு அடிச்சேன். அன்னிக்கி வுட்டிருந்தா கோடியப் பாத்திருப்பான் இல்ல?"

மதிவதனி புகைப்படத்தை எடுத்து உள்ளே வைத்தார். "அறிக்கை எழுதட்டுமாம்மா? வேண்டாம்னா எழுதலை."

"அவரு பேரு போவணும்னுதான வந்தேன்" என்றார் கிளியம்மாள்.

அறிக்கை போனது. வெங்கடேசன் ஒரே வாரத்தில் முன்ஜாமீன் வாங்கிவிட்டார். பிரசன்னாவுக்கு அப்படி அலைய ஆளில்லை; சிறைக்குப் போனான். டிரஸ்ட் கூடிப் பேசி, இனிமேல் ஏரி வேலைகளுக்கே பணம் தருவதில்லை என்று முடிவு செய்தது. எறையான்பாக்கத்துக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே தொடராக இருக்கும் பதினோரு ஏரிகளுக்கும். உண்மையைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன ஆயிற்று என்று ஷெர்லின் ஒருநாள் கோபமாகக் கேட்டாள். மதிவதனி அன்று மதியம் சாப்பிடவில்லை.

கார்த்திகை பிறந்து மழை மறுபடி வலுத்த ஒரு காலையில் கிளியம்மாள் அதே பிளாஸ்டிக் உறையோடு படியேறி வந்தார். உள்ளே புதுக் காகிதம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பையன்தான் படிச்சிக் காட்டுவான். அவரு பேரு போயிடுச்சான்னு பாரும்மா."

ஷெர்லின் வாங்கிப் பார்த்தாள். அப்பாவு கரையை வெட்டியதாக முன்பு எழுதியிருந்ததெல்லாம் நீக்கப்பட்டிருந்தது. சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தவள், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா? படி."

"பிரசன்னா" என்று படித்தாள் ஷெர்லின். அடுத்த வரியைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மதிவதனி பக்கம் நீட்டினாள். மதிவதனிதான் எழுந்து வந்து படித்தார்.

"தகப்பனார் பெயர், அப்பாவு."

கிளியம்மாள் விரலால் அந்த இடத்தைத் தேடித் தொட்டார்.

"அப்போ இன்னும் கீது" என்றார்.