பதினேழாம் நாள் தும்மல்

நட்டுவின் அம்மா பேட்டரி தேடி ஊருக்குள் போனாள். வரும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நட்டுவுக்குத் தொடங்கிய வயிற்றெரிச்சல் அதன் பிறகு அடங்கவே இல்லை.

பெரிய காய்ச்சல் வந்து ஊர் காலியாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. மிஞ்சிய ஐம்பத்து மூன்று பேரும் ஒரு பழைய பஸ் டிப்போவில் இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு பஸ். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பஸ், சமையலுக்கு ஒரு பஸ். நட்டுவின் அம்மாதான் மெக்கானிக். செத்துப்போன இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டி, தண்ணீர் பம்பை ஓட வைத்தவள் அவள். அடுத்து விளக்கு எரிய வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகக் கிடக்கும் பிள்ளையை யார் கண்டெடுக்கிறார்களோ அவர்கள்தான் அதற்கு அம்மா, அல்லது அப்பா. நட்டுவையும் அம்மா அப்படித்தான் கண்டெடுத்தாள். ஒரு காலி லாரியின் சீட்டில், போர்வைக்குள், கைக்குழந்தையாக. அந்தக் கதையை நட்டு ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். இன்னும் அலுக்கவில்லை.

இப்போது அம்மா இன்னொரு பிள்ளையைக் கண்டெடுத்துவிட்டாள். ஏழு வயது இருக்கும். வளர்த்தவர் இறந்துபோன பிறகு தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவள். டிப்போவில் எல்லாரும் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள்.

வெளியிலிருந்து புதிதாக யார் வந்தாலும் பழைய டிக்கெட் அறையில் இருபத்தொரு நாள் தனியாக இருக்க வேண்டும். அது விதி. கதவில் சாக்பீஸால் நாள் கணக்கு எழுதுவார்கள். நடுவில் ஒரு தும்மல் வந்தால்கூடக் கணக்கை அழித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். சாப்பாடு கொடுப்பதும், தும்முகிறாளா இருமுகிறாளா என்று பார்ப்பதும் கூட்டி வந்த குடும்பத்துப் பிள்ளையின் வேலை. அதாவது நட்டுவின் வேலை.

"சாப்பாடு," என்று தட்டை ஜன்னல் துவாரத்தில் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் நட்டு.

"அக்கா, இன்னைக்கு வெளிய என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. சாப்பிடு."

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அம்மா நேரே நட்டுவிடம் வருவது வழக்கம். இப்போது நேரே டிக்கெட் அறைக்குப் போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் பேசினாள். பதினாறாம் நாள் நட்டு பின்னால் போய் ஒட்டுக் கேட்டாள்.

"நான் அந்தக் கடைக்குள்ள நுழைஞ்சேனா, மூலையில ரெண்டு கண்ணு தெரிஞ்சுது. பூனைன்னு நெனச்சேன். பார்த்தா நீ."

கண்டெடுத்த கதை. அதே குரல், அதே சிரிப்பு. பிள்ளைதான் வேறு.

மறுநாள் காலையில் நட்டு பஸ்ஸிலிருந்து ஒரு சீட்டுப் பஞ்சணையைத் தூக்கிக்கொண்டு போனாள். டிக்கெட் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று, குச்சியால் தட்டினாள். 'சுத்தம்தானே பண்றேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினோரு வருடத் தூசி புகைபோலக் கிளம்பித் துவாரத்துக்குள் போனது.

"ஹச்," என்றது உள்ளே.

நட்டு நேரே டாக்டர் மாமாவிடம் ஓடினாள். அவர் முன்பு மாட்டு டாக்டர். மிஞ்சியவர்களில் டாக்டர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். இன்றைக்கும் நோயாளி வந்தால் முதலில் முதுகில் தட்டிக் கொடுப்பார்.

"மாமா, அவ தும்மிட்டா."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து, கதவில் இருந்த பதினேழை அழித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார்.

மத்தியானம் நட்டு தட்டை நீட்டியபோது புதுசு அழவில்லை. கதவின் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, மொதல்லேருந்து இருக்கணுமா?"

"ஆமா."

"நீதானே சாப்பாடு கொண்டு வருவ?"

"ஆமா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நட்டுவுக்குச் சுருக்கென்றது. அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் சாப்பிடக் கூடியபோது நட்டு டாக்டர் மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அந்தத் தும்மல் தூசியால வந்தது. நான்தான் பஞ்சணையைத் தட்டினேன். வேணும்னேதான் தட்டினேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டர் மாமா தலையை ஆட்டினார். "உண்மையைச் சொன்ன, சரி. ஆனா கணக்கு மாறாது. பெரிய காய்ச்சல் வந்தப்ப மொதல் ஆளு என் பக்கத்துலதான் தும்மினாரு. தூசின்னு சொல்லி விட்டுட்டேன். மறுபடியும் விட முடியாதும்மா."

நட்டுவுக்கு ஒன்று தோன்றியது. ஓடிப்போய்ப் பஞ்சணையைக் கொண்டுவந்தாள். சாப்பாட்டுத் தட்டுகளை எல்லாம் மூடச் சொன்னாள். மூடியதும், எல்லாருக்கும் நடுவில் நின்று ஓங்கி நாலு தட்டுத் தட்டினாள்.

"ஹச்," என்றார் சமையல்காரர். "ஹச், ஹச்," என்றார் டீச்சர். அம்மா மூக்கைப் பிடித்தும் பயனில்லை. கடைசியாக டாக்டர் மாமா தும்மினார். கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

"இப்ப எல்லாரும் உள்ள போகணும்," என்றாள் நட்டு. "இருபத்தொரு நாள்."

சமையல்காரர், "நான் உள்ள போனா யாரு சமைப்பா?" என்று கவலையாகக் கேட்டார். அவ்வளவுதான், டீச்சர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் மாமா சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"மூணு நாள் காலையிலயும் சாயங்காலமும் காய்ச்சல் பார்க்கிறேன்," என்றார். "கொஞ்சம் சூடு இருந்தாலும் ஒண்ணுலேருந்துதான். இல்லன்னா பழைய கணக்கு. இனிமே யாரு தும்மினாலும் இப்படியே செய்வோம்."

பஸ்ஸுக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள். "ஏன்டி அப்படிப் பண்ணின?"

"நீ அவகிட்டயே பேசுற."

"தனியா இருக்காளேடி. பயப்பட மாட்டாளா?"

"நானும்தான் பயந்தேன்."

"உனக்கென்ன பயம்?"

"என்னைக் கண்டெடுத்தது உனக்குப் பழசாயிடுச்சோன்னு."

அம்மா கிரீஸ் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நட்டுவின் சட்டை பாழாய்ப்போனது.

"லாரிக் கதவு திறக்கவே வரல," என்று அம்மா ஆரம்பித்தாள். "ஸ்பேனரால நெம்பினேன்." முழுக் கதையையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நாளைக்கு இந்த பஸ்ல இருக்கிற நாப்பது பஞ்சணையையும் தட்டி வை. அதுதான் உனக்குத் தண்டனை," என்றாள்.

நட்டு தட்டினாள். இந்தத் தடவை டிப்போவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்த் தட்டினாள். புதுசுக்குக் காய்ச்சல் வரவில்லை; கதவில் மறுபடி பழைய கணக்கு ஏறியது. சாப்பாடு கொடுக்கும்போது நட்டு அன்றன்றைக்கு வெளியே நடந்ததை எல்லாம் சொன்னாள். தும்மிய டாக்டர் மாமாவைப்போல நடித்துக்கூடக் காட்டினாள்.

இருபத்தொன்றாம் நாள் கதவு திறந்தது. அம்மா கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். வாசலுக்கு நேரே மண்டி போட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

புதுசு வெளியே ஓடி வந்தாள். அம்மாவின் கைக்கு அடியில் புகுந்து, பின்னால் நின்ற நட்டுவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நம்ம பஸ் எது?"

அம்மாவின் கைகள் விரித்தபடியே நின்றன. முகம் உம்மென்று ஆகிவிட்டது. "கண்டெடுத்தது நானு," என்று முணுமுணுத்தாள்.

நட்டு குனிந்து அம்மாவின் தோளில் தட்டிக் கொடுத்தாள்.

"எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு," என்றாள். "கொஞ்ச நாள்ல சரியாயிடும்."