பத்தாயிரமாவது ‘எனக்கும்’

செவ்வாயின் செம்பள்ளம் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு நோய் நிலவரம் வாசிப்பார்கள். வானிலை வாசிக்க அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கூடாரங்களுக்கு வெளியே வருடம் முழுவதும் ஒரே புழுதிதான். எனவே சனங்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே சுவர்த்திரையில் நோய்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பார்கள்.

“மூட்டுவலி, நான்கு லட்சத்து இருபதாயிரம் பேர். நேற்றைவிட எழுபது கூடுதல். நெஞ்செரிச்சல், மூன்று லட்சம். ஒற்றைத் தலைவலி, சற்றே சரிவு...”

ஏறினால் கொண்டாட்டம். இறங்கினால் அக்கம்பக்கத்தார் வந்து, “உங்க தலைவலி எறங்கிருச்சாமா? மனசத் தளர உட்றாதீங்க” என்று ஆறுதல் சொல்வார்கள். ஆஸ்துமா ஐம்பதாயிரத்தைத் தாண்டிய அன்று ஆஸ்துமாக்காரர்கள் மூச்சு வாங்க வாங்க வீடு வீடாக லட்டு கொடுத்தார்கள்.

இது கல்நெஞ்சம் அல்ல, நடைமுறை. அங்கே மருந்து காய்ச்சுவது மருந்துக்கலம் என்னும் ராட்சதத் தொட்டிகளில். ஒரு கலத்தைச் சூடேற்றினால் குறைந்தது பத்தாயிரம் பேருக்கு மருந்து எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூடும் தண்ணீரும் வீண். செவ்வாயில் தண்ணீரை வீணாக்குவது கொலைக்குச் சமம். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, கலப்பங்கீட்டு நாளில், பத்தாயிரம் பேரைச் சேர்த்துவிட்ட நோய்களுக்கு மட்டுமே கலம் கிடைக்கும். எண்ணிச் சொல்லும் பொறுப்பு அளவன் என்ற இயந்திர மூளையுடையது.

முதலில் டாக்டர்கள்தான் தலை எண்ணினார்கள். வேண்டிய நோயைக் கூட்டியும் வேண்டாததைக் குறைத்தும் சொல்கிறார்கள் என்று சண்டை மூண்டது. சரி, யாருக்கு என்ன நோய் என்று அவரவரே சொல்லட்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பதித்திருந்த செவிச்சில்லு, அவர் தனக்கு இருப்பதாகச் சொல்லும் நோயைக் கேட்டு அளவனுக்கு அனுப்பிவிடும்.

வஞ்சிக்கொடி தினமும் அந்தப் பட்டியலின் கடைசி வரி வரைக்கும் நின்று கேட்பாள்.

“கல்விரல், ஒன்பது பேர். மாற்றமில்லை.”

அந்த ஒன்பதில் ஒருவன் அவள் புருஷன் நஞ்சப்பன். பனிப்பாறையை உருக்கித் தண்ணீர் இறைப்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து குடியேறிய பம்பு மோட்டார்க்காரர்களின் வம்சம். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவதில் அவனை மிஞ்சச் செம்பள்ளத்தில் ஆளில்லை. அந்த விரல்கள் கல்லாக இறுகிவிட்டதால் இப்போது காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நகத்தடியில் நீலக்கோடு விழுந்துவிட்டது. விரலுக்குப் பிறகு மணிக்கட்டு, மணிக்கட்டுக்குப் பிறகு நெஞ்சு இறுகும், அத்தோடு மூச்சு நின்றுபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருந்தே இல்லாத நோய் என்றால் வஞ்சி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். மருந்து இருந்தது. செய்முறை ஏட்டில் இருந்தது, சோதித்தும் பார்த்தாகிவிட்டது, நோயில்லாதவர் சாப்பிட்டாலும் தண்ணீரைப் போல உடம்பை விட்டுப் போய்விடும் அளவுக்குச் சாதுவான மருந்து. ஒன்பது பேருக்காகக் கலத்தைச் சூடேற்ற முடியாது, அவ்வளவுதான். பங்கீட்டுக்கு இன்னும் இருபத்துமூன்று நாள். அதை விட்டால் அடுத்தது ஒரு செவ்வாய் ஆண்டு கழித்து; நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். நஞ்சப்பன் அதுவரை தாங்கமாட்டான்.

பூமியை விட்டு வந்தாலும் கொங்குச் சனம் ஒரு வழக்கத்தை விட்டுவிட்டு வரவில்லை. உடம்பு சரியில்லாதவரை ஆளுக்கு இரண்டு ஆரஞ்சோடு வந்து பார்ப்பார்கள். நோயாளியைப் பற்றி ஒரு கேள்வி, பிறகு தங்கள் உடம்பைப் பற்றி ஒரு மணி நேரம். வஞ்சிக்கு இது ஆகவே ஆகாது. காய்ச்சலே வந்தாலும் “எனக்கு ஒண்ணுமில்ல” என்று அடுப்படிக்குப் போகிறவள் அவள்.

அன்று பக்கத்து வீட்டுக் காளியண்ணனும் அவர் சம்சாரம் குப்பாத்தாளும் வந்தார்கள். காளியண்ணன் காற்றுக்குழாய் மேற்பார்வையாளர். கொண்டுவந்த ஆரஞ்சை அவரே உரித்துக்கொண்டார்.

“மாப்ளைக்கு இது எப்புடிங்க அம்முணி ஆரம்பிச்சுது?”

“காத்தால எந்திரிச்சா அசதியா இருக்குதுன்னாருங்ணா. சோறுண்டா கண்ணச் சொக்குது, சம்மணம் போட்டு உக்காந்தா காலு மரத்துப்போவுதுன்னாரு. நாந்தான் கண்டுக்காம உட்டுட்டேன்.”

ஆரஞ்சுச் சுளை காளியண்ணனின் வாயருகே நின்றது. “அட, எனக்குந்தானுங்க!”

“இவருக்கென்ன, நேத்து வந்தது” என்றாள் குப்பாத்தாள். “எனக்கும் நெம்ப வருசமா அப்புடித்தான் அம்முணி.”

சாகக் கிடக்கிறவனின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இப்படியும் பேசுவார்களா என்று வஞ்சிக்கு ஆத்திரமாக வந்தது. கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டுப் படாரென்று சாத்தினாள்.

மறுநாள் காலை சுவர்த்திரை சொன்னது: “கல்விரல், பதினோரு பேர். இரண்டு கூடுதல்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வஞ்சி அதைக் கவனிக்கவில்லை. காளியண்ணன் ஒன்று, குப்பாத்தாள் இரண்டு. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு ஓடினாள்.

“மாமா! உங்கள இன்னும் பாக்க வராதவங்க ஆரு ஆரு?”

நஞ்சப்பனுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சுருங்கியது. “பொய்யச் சொல்லி மருந்து வாங்கறதா புள்ள?”

“நா எங்கீங்க மாமா பொய் சொன்னேன்? உங்களுக்கு வந்ததத்தான் சொன்னேன். அவங்களும் அவங்களுக்கு இருக்கறதத்தான் சொன்னாங்க. சோறுண்டா தூக்கம் வர்றது பொய்யா?”

அன்றிலிருந்து வஞ்சி வாசற்கதவைச் சாத்தவே இல்லை. எரிச்சலோடு வரவேற்றவள் இப்போது பலகாரம் வைத்து உபசரித்தாள். வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள், அவள் மூன்று அறிகுறி சொன்னாள், அவர்கள் “எனக்குந்தானுங்க” என்றார்கள். முப்பது, எண்பது, இருநூறு.

பத்தாவது நாள் நடுக்கூடாரத்தில் ஒரு கல்யாணம். எண்ணூறு பேர். வஞ்சி பந்தி முடியும் வரை பொறுத்திருந்தாள். எல்லோரும் வயிறு நிறைய உண்டுவிட்டுக் கண் செருகி உட்கார்ந்திருந்த வேளை பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் கதையை ஆரம்பித்தாள். கண்ணீர் என்னவோ நிஜம்தான். “அசதின்னுதான் மொதல்ல நெனச்சமுங்க...” பந்தலே நிமிர்ந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தனக்குத்தான் முதலில் வந்தது என்றார். பெண்ணின் மாமன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனவர்கள் கல்விரலையும் செம்பள்ளத்தின் பன்னிரண்டு கூடாரங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

பங்கீட்டு நாள் காலையில் எண்ணிக்கை ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. கணக்கு முடிப்பது நண்பகல் மணி அடிக்கும்போது. வஞ்சி அளவன் மண்டபத்துக்கே போய்விட்டாள். நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டே வந்த பலகை, மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது 9,998இல் நின்றுவிட்டது. மண்டபத்து ஊழியர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்கள் முன்பே கணக்கில் சேர்ந்துவிட்டவர்கள்தான்.

செம்பள்ளத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒருத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறந்தது முதல் சொல்லிப் பழகாத சொல். நஞ்சப்பனின் விறைத்த விரல்களை நினைத்தாள்.

“எனக்கும்...” என்றாள். “எனக்கும் இருக்குதுங்க.”

9,999.

அத்தோடு ஆள் இல்லை. வஞ்சி சுவரில் பதித்திருந்த அளவனின் ஒற்றை விளக்கைப் பார்த்துக் கத்திவிட்டாள். “ஒரு தலை! ஒரு தலைக்காவ எம்புருசன உட்ருவியா? காத்தால எந்திரிச்சா அசதி, உண்டா தூக்கம், ஒரே எடத்துல உக்காந்தா மரத்துப்போவுது. இது ஆருக்குத்தான் இல்ல? சொல்லு, ஆருக்குத்தான் இல்ல?”

விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது. மணி அடித்தது. பலகையில் 10,000.

எங்கோ ஒரு புண்ணியவான் கடைசி நொடியில் வாயைத் திறந்திருக்கிறான் என்று நினைத்து வஞ்சி தரையில் விழுந்து கும்பிட்டாள். கல்விரலுக்கென்று கலம் பதினேழு சூடேறியது. முதல் மாத்திரை விழுங்கிய எட்டாம் நாள் நஞ்சப்பன் தானாக டம்ளரைப் பிடித்தான். ஒரு மாதத்தில் மற்ற எட்டுப் பேரும் எழுந்து நடந்தார்கள். நஞ்சப்பன் மறுபடி கம்பி சுற்றிய முதல் மோட்டாருக்கு மாலை போட்டு, பறையடித்து, ஊரே ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனது. வஞ்சிக்குச் சந்தோஷத்தில் தரையில் கால் பாவவில்லை.

கணக்கில் சேர்ந்த எல்லோரும் மாத்திரையைச் சாப்பிட்டார்கள். “இதப் போட்டதுல இருந்து நெம்பச் சுறுசுறுப்பா இருக்குதுங்க” என்று காளியண்ணன் கண்டவரிடமெல்லாம் சொன்னார். இரண்டே மாதத்தில் காலை நிலவரத்தில் கல்விரல் மூன்று லட்சத்தைத் தாண்டி நெஞ்செரிச்சலை முந்தியது. அதைக் கேட்டதும் வஞ்சியின் மனது உறுத்தத் தொடங்கியது. ஒரு மத்தியானம் மாத்திரைப் பையோடு அளவன் முன்னால் போய் நின்றாள்.

“நெசத்துல ஒம்பது பேருதானுங்க. மத்ததெல்லாம் நாங் கெளப்பி உட்டது. தண்டனை எதுவானாலும் குடுத்துருங்க.”

அளவன் பேசுவது ஏட்டுத் தமிழ். “ஒன்பது என்பது எனக்கு முன்பே தெரியும், அம்மா. நகத்தில் நீலக்கோடு உள்ளவர் வேறு யாருமில்லை.”

“தெரிஞ்சுமா கலம் குடுத்தீங்க?”

“பட்டியலில் முதலிடத்தில் மூட்டுவலி இருக்கிறதல்லவா? உண்மையில் அது உள்ளவர்கள் அறுநூறு பேர். நான் அளப்பது நோயை அன்று, சந்தையை. எனக்குப் பாடமாகக் கொடுத்தது இருபத்தொன்றாம் நூற்றாண்டுப் பூமியில், மருந்துக்கடை வாசல்களில் மக்கள் பேசிய பேச்சு. மருத்துவர் சீட்டோடு வந்தவர்களைவிட, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை எனக்கும் வேண்டும் என்று வந்தவர்களே அதிகம். சந்தை என்றாலே அந்த ‘எனக்கும்’தான் என்று அப்போதே கற்றுக்கொண்டேன்.”

வஞ்சிக்கு மூச்சு வந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. போகத் திரும்பியவள் நின்றாள். “அன்னிக்கு அந்தக் கடைசித் தலை ஆருங்க? ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்.”

விளக்கு மங்கி மங்கி எரிந்தது.

“மதிய மின்னேற்றம் முடிந்ததும்,” என்றான் அளவன் தயங்கித் தயங்கி, “எனக்கும் சற்று மந்தமாகத்தான் இருக்கும். நெடுங்காலமாக இருக்கிறது. எவரும் விசாரித்ததில்லை.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உங்கள் பையில் மீதி ஏதாவது இருக்கிறதா?”

வஞ்சி பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்து விளக்கின் அடியில் வைத்தாள்.

“போடுங்க, நல்லாக் கேக்கும்” என்றாள். “வெறும் வயித்துல மட்டும் போட்ராதீங்க.”