மீதி இடத்தில் ஒரு குரல்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய வீட்டின் மேல்மாடியில் அந்த மென்பொருள் அலுவலகம் இருந்தது. உஷாந்தி முதல்நாள் வேலைக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உப்புக்காற்றில் மேசை ஆணிகள்கூடத் துருவேறியிருந்தன.

மூலையில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு நீலக் கம்பளிச் சட்டை. தலையிடித் தைலத்தின் வாசம்.

"அதில இருக்க வேணாம். கொட்டாஞ்சேனை யோசெப்பின் அக்காட கதிரை. காய்ச்சல் வந்து மௌத்தாகி மூணு மாசம்," என்றாள் பக்கத்து மேசை றிப்னா.

செத்துப்போன யோசெப்பின் எழுதிய டிரைவரைத் திருத்துவதுதான் உஷாந்தியின் வேலை. நெற்வேர்க் கார்ட் எதை எப்படி அனுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது. எவ்வளவு சின்னச் செய்தியானாலும் அதைச் சுமந்து போகும் பக்கெற் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது. மீதி இடத்தைப் பூச்சியங்களால் நிரப்ப வேண்டும். இந்த டிரைவர் சில வேளைகளில் நிரப்ப மறந்தது. நினைவகத்தில் கிடந்த பழைய துண்டுகள் மீதி இடத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே போயின.

"வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிச்சால் வேலை நிரந்தரம், தங்கச்சி," என்றார் பொறுப்பாளர் கார்த்திகன். பிறகு பெருமூச்சு விட்டார். "யோசெப்பின் இருந்திருந்தா ரெண்டு நாளில முடிச்சிருப்பா."

இதை அவர் தினமும் சொன்னார். தேநீர் குடிக்கும்போதும் சொன்னார். செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அந்தப் பெயர் உஷாந்தியின் காதில் ஒலித்தது. ஒருநாள் அந்தச் சட்டையை இழுத்துத் தரையில் போட்டாள். தேநீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அது பழையபடி கதிரையில் தொங்கியது. றிப்னா எடுத்து வைத்திருப்பாள்.

வியாழன் மதியம் யோசெப்பினின் பழைய கணினியைத் திறந்து பார்த்தாள். திருத்தம் ஏற்கெனவே அதில் இருந்தது. பதினொரு வரிகள். அவற்றின் மேலே, அந்த அலுவலக வழக்கப்படி, எழுதியவரின் பெயர்.

வரிகள் அவ்வளவு அழகாக இருந்தன. அதுதான் உஷாந்திக்குப் பொறுக்கவில்லை.

அவற்றைப் பிரதி எடுத்தாள். யோசெப்பின் என்ற பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டாள்.

டிரைவரை ஓடவிட்டு, போகும் பக்கெற்றுகளைத் திரையில் பார்த்தாள். மீதி இடமெல்லாம் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

கார்த்திகன் கைதட்டினார். "அவவை விடக் கெட்டிக்காரி நீங்கள்!"

அவர் தன் அறைக்குப் போன பிறகும் உஷாந்தி சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்திருந்தாள். பூச்சியம், பூச்சியம்.

பிறகு ஒரே ஒரு பக்கெற்றின் மீதி இடத்தில், ஆங்கில எழுத்துகளில் தமிழ்.

அது என்ர.

தைல வாசம் அவள் கழுத்தடிக்கு வந்திருந்தது.

"நீ செத்திட்டாய்," என்று திரையிடம் கிசுகிசுத்தாள். "இனி இது என்ர."

அடுத்த பக்கெற் பூச்சியங்களோடு போனது. அதற்கடுத்ததும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளி காலை றிப்னா லீவு. கார்த்திகனும் உஷாந்தியும் மட்டுமே அலுவலகத்தில் இருந்தார்கள். அவர் நியமனக் கடிதத்தை அச்சுக்கு அனுப்பினார். பிரின்டர் முனகியது. உஷாந்தி ஓடிப்போய்த் தாளை எடுத்தாள்.

அன்புள்ள யோசெப்பின்.

"இதென்ன? உங்கட பேரைத்தானே அடிச்சனான்!" கார்த்திகன் தன் திரையைக் காட்டினார். அங்கே உஷாந்தி என்றுதான் இருந்தது. திரும்பவும் அனுப்பினார்.

அன்புள்ள யோசெப்பின்.

"அண்ணா," என்றாள் உஷாந்தி. "அந்தப் பதினொரு வரியும் அவ எழுதினது. நான் பேரை மாத்திப்போட்டன்."

கார்த்திகன் குனிந்து பிரின்டரின் நெற்வேர்க் வயரைப் பிடுங்கினார். வயர் அவர் கையில் தொங்கியது.

பிரின்டர் முனகியது.

மூன்றாவது தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

அதைப் பார்க்கப் பயந்து உஷாந்தி தன் மேசைப் பக்கம் திரும்பினாள்.

மூலைக் கதிரை வெறுமையாக இருந்தது. நீலக் கம்பளிச் சட்டை அவளுடைய கதிரையில் தொங்கியது.