மீசைப் பூச்சி

மாமாவின் சலூனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் தலையில் வேண்டுமானாலும் மாமா கை வைப்பார். ஆனால் அவர் மீசையில் யாரும் கை வைக்கக் கூடாது.

பதினோரு வருடமாக வளர்த்த மீசை அது. இரண்டு நுனியையும் மேல்நோக்கி முறுக்கி, மெழுகு தடவி விட்டிருப்பார். மழையில் நனைந்தாலும் சாயாது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் நிறமாகிவிட்டது. "மை அடிக்கலாமே" என்று யாராவது சொன்னால், அவர்களோடு ஒரு வாரம் பேச மாட்டார்.

மீசைக்கு அடுத்தபடியாக மாமாவுக்கு ஆசை தூண்டில் மேல். சாதாரணத் தூண்டில் இல்லை. இதற்குப் புழு தேவையில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி செய்ய வேண்டும். அதை வீசி, நிஜப் பூச்சி போலத் தண்ணீர் மேல் உட்கார வைக்க வேண்டும். மலை ஆற்றில் இருக்கும் ட்ரவுட் மீன் ஏமாந்து வாயைத் திறக்கும்.

இதெல்லாம் மாமா புத்தகத்தில் படித்தது. மலை ஆற்றை அவர் இன்னும் பார்த்ததே இல்லை. ஒரு வருடமாக மொட்டைமாடியில்தான் பயிற்சி. இதுவரை அவர் தூண்டிலில் மாட்டியவை இரண்டு சட்டை, ஒரு போர்வை, எதிர்க்கடை ரொட்டிக்காரரின் தொப்பி.

கூடவே பழகியவள் மாமாவின் அக்கா மகள். பத்து வயது. ஆள் சின்னது, ஆனால் காதோரம் வந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் 'கொசு'. உண்மையைச் சொன்னால், மாமாவை விட அவள் நன்றாக வீசுவாள். வீசும்போது கயிறு பின்பக்கம் போய் முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். மாமாவுக்குப் பொறுமை கிடையாது. கொசு மனசுக்குள் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிவிட்டுத்தான் வீசுவாள்.

ஆற்றுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், ரொட்டிக்காரர் தன் செம்பட்டைத் தாடியைத் தடவிக்கொண்டே சலூனுக்குள் வந்தார்.

"நாளைக்கு ஆத்துக்குப் போறியாமே? மீன் பிடிச்சா எனக்கு அத்தாட்சி காட்டணும். இல்லேன்னா அந்தத் தூண்டில் கம்பை என்கிட்ட குடுத்துடு. கடையில திரை மாட்ட நல்ல கம்பு ஒண்ணு தேடிட்டிருக்கேன்."

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குடுக்கறேன். போட்டோவோட வர்றேன், பாரு."

கொசுவுக்குத் திக்கென்றது. வீட்டில் இருப்பது அந்த ஒரே கம்புதான். அது திரை மாட்டப் போய்விட்டால் அவளுக்கும் தூண்டில் இல்லை.

மறுநாள் காலை இரண்டு மணி நேரம் ஜீப்பில் போனார்கள். சாலை முடிந்த இடத்தில் ஜீப்காரர் இறக்கிவிட்டார்.

"நாலு மணிக்கு இங்கேயே வந்துடுவேன் சார். இதுக்கு மேல போன் எடுக்காது."

அங்கிருந்து ஒரு மணி நேரம் நடை. ஆறு வந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். ஒரு பெரிய பாறையின் நிழலில், நீண்ட மீன் ஒன்று ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றது. அவ்வப்போது மேலே வந்து எதையோ கவ்விவிட்டுப் போனது.

மாமா தோளிலிருந்து பையை இறக்கினார். பையிலிருந்து பூச்சி டப்பாவை எடுத்துத் திறந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டப்பாவுக்குள் சீப்பு, சின்னக் கத்தரிக்கோல், முடி கிளிப்புகள், புருவம் திருத்தும் நூல், மீசை மெழுகு.

சலூன் அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் பூச்சிகள், இன்னொன்றில் சாமான்கள். தினமும் காலையில் எடுக்கிற டப்பாவை இன்றைக்கும் கை பழக்கத்தில் எடுத்துவிட்டது.

"போச்சு," என்றார் மாமா. "மீனுக்கு முடி வெட்டத்தான் வந்திருக்கேன்."

கொசுவுக்கு அழுகை வந்தது. ஆனால் சிரிப்பும் வந்ததால் அழுகை பாதியில் நின்றுவிட்டது. மாமாவின் தொப்பியைப் பார்த்தாள். அதன் விளிம்பில் பழைய முள் ஒன்று குத்தியிருந்தது. மொட்டைமாடியில் வீசி வீசி இறகெல்லாம் உதிர்ந்துபோன மொட்டை முள்.

"மாமா, முள் இருக்கு. நூல் இருக்கு. கத்தரிக்கோலும் இருக்கு. நாமளே ஒரு பூச்சி கட்டினா என்ன?"

"இறகுக்கு எங்க போறது?"

"முதல்ல அது எதைத் தின்னுதுன்னு பார்க்கலாம்."

கொசு கரையோரம் குனிந்து கற்களைப் பார்த்தாள். ஒரு கல்லில் செம்பட்டை நிறத்தில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. ஆனால் பாறைப் பக்கம் தண்ணீரில் மிதந்து போனதெல்லாம் கறுப்புக் கலந்த சாம்பல் பூச்சிகள். மீன் அவற்றைத்தான் கவ்வியது.

முடி கிளிப்பால் முள்ளைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். தன் பின்னலின் நுனியில் கொஞ்சம் வெட்டி, புருவ நூலால் சுற்றிக் கட்டினாள். பூச்சி தயார். வீசினாள். அது நனைந்து, கல் மாதிரி உள்ளே போனது. மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் முடி ரொம்ப மெல்லிசு மாமா. நிறமும் சரியில்லை. கொஞ்சம் தடியா, விறைப்பா, தண்ணி ஒட்டாம, சாம்பல் நிறத்துல..."

பேசிக்கொண்டே நிமிர்ந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் பார்வை போன இடம் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் மீசையை மூடிக்கொண்டார்.

"அதை மட்டும் கேக்காத."

"நான் கேக்கலை மாமா. சும்மா பார்த்தேன்."

மாமா ஆற்றைப் பார்த்தார். மீன் இன்னொரு பூச்சியைக் கவ்வியது. தூண்டில் கம்பைப் பார்த்தார். கொசுவின் முகத்தைப் பார்த்தார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு சும்மாவா சொன்னாங்க," என்று பெருமூச்சு விட்டு, கத்தரிக்கோலை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வலது பக்க நுனியை வெட்டினார்.

கொசு முள்ளிலிருந்து தன் முடியை உருவிவிட்டு, மீசை முடியை அவசரப்படாமல் கட்டினாள். கொஞ்சம் மெழுகும் தடவினாள். சிறகை விரித்து உட்கார்ந்த பூச்சி மாதிரியே இருந்தது.

"நீயே வீசு," என்றார் மாமா. "மீசை என்னுது, கை உன்னுதா இருக்கட்டும்."

கொசு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினாள். கம்பைத் தூக்கினாள். கயிறு பின்னால் பறந்தது. ஒண்ணு, ரெண்டு. வீசினாள். மீசைப் பூச்சி பாறைக்குச் சற்று மேலே ஓட்டத்தில் விழுந்து, மூழ்காமல் மிதந்து வந்தது.

தண்ணீர் வட்டமாக உடைந்தது. கம்பு வளைந்தது.

"விடாத, இழுக்கவும் இழுக்காத," என்று மாமா புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். மீன் ஓடும்போது கொசு கயிற்றை விட்டுக்கொடுத்தாள். களைக்கும்போது சுருட்டினாள். கடைசியில் மாமாவும் தண்ணீரில் இறங்கி, இடுப்பில் செருகியிருந்த கைவலையை நீட்ட, மீன் அதற்குள் வந்தது. பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள். இவ்வளவு அழகான ஒன்றை இவ்வளவு பக்கத்தில் கொசு பார்த்ததில்லை.

"போட்டோ," என்றார் மாமா. "போன் எங்க?"

போன் கரையில் பைக்குள் இருந்தது. நடுவில் முழுக்க வழுக்குப் பாறைகள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. வலையில் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"நீங்க போயிட்டு வர்றதுக்குள்ள இது செத்துடும் மாமா."

"போட்டோ இல்லேன்னா கம்பு போயிடும், கொசு."

கொசுவுக்கு அது நன்றாகத் தெரியும். முள்ளை மெதுவாகக் கழற்றினாள். கையை நனைத்துக்கொண்டு, மீனை ஓட்டத்துக்கு எதிராக நிமிர்த்திப் பிடித்தாள். ஒரு நிமிடம் போல அது அவள் கைக்குள்ளேயே மூச்சு வாங்கியது. பிறகு வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது. அவள் முகமெல்லாம் தண்ணீர். மாமா வலையைத் தோளில் போட்டார். தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

திரும்பும்போது ஜீப் கண்ணாடியில் மாமா தன் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் முறுக்கு மீசை, மறுபக்கம் மொட்டை.

"முடி வெட்டறவன் மூஞ்சி இப்படியா இருக்கறது?" என்று கத்தரிக்கோலை எடுத்து, இடது பக்கத்தையும் சமமாக்கப் போனார்.

கொசு அவர் கையைப் பிடித்தாள். "வெட்டாதீங்க மாமா. அதுதான் நம்ம போட்டோ."

மாமா அவளையே பார்த்தார். கத்தரிக்கோலை டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

சலூன் வாசலில் ரொட்டிக்காரர் கை நீட்டியபடி காத்திருந்தார். "போட்டோ எங்க? இல்லேன்னா கம்பு..."

மாமா விளக்கடிக்கு வந்தார். ரொட்டிக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. மாமாவைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். கொசு மீசைப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"பதினோரு வருஷ மீசை," என்றார் ரொட்டிக்காரர் மெதுவாக. "என் கல்யாணத்துல நாலு பேர் கெஞ்சியும் ஒரு முடி குறைக்காத ஆளு. வராத மீனுக்கா இதை வெட்டியிருப்பான்? நம்பறேன்ப்பா. கம்பு உன்னுதுதான்."

"என்னுது இல்லை," என்று மாமா கம்பைக் கொசுவின் கையில் கொடுத்தார். "இனிமே இவளுது. நான் கேட்டு வாங்கிக்கறேன்."

கொசுவுக்கு உச்சி குளிர்ந்தது. கம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, ரொட்டிக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, ஆத்துல செம்பட்டைப் பூச்சி ஒண்ணு பார்த்தேன்ல?"

ரொட்டிக்காரர் தாடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தன் கடைக்கு ஓடினார்.