டப்பாவுக்கு ஞாபகம் கிடையாது

அந்த பிஸ்கட் டப்பாவைக் கண்டாலே அன்புச்செல்விக்கு ஆகாது. மூடியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதற்கென்ன, சிரிக்கும். அதற்கு அம்மாவிடம் பேச முடியாத கவலையா?

திண்டிவனத்தில் ஒரு மாணவியர் விடுதி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளியனூரிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மா வந்துவிடுவார்கள். எட்டுப் பேரைப் பார்க்க மட்டும் யாரும் வரமாட்டார்கள். அவர்களுடைய அப்பா அம்மா பொங்கல் முடிந்ததும் தொலைவில் இருக்கும் செங்கல் சூளைகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் அன்புச்செல்வி அந்த எட்டுப் பேரில் ஒருத்தி.

வார்டன் இருதயமேரி மிஸ் அவர்களுக்குத் தன் போனைக் கொடுப்பார். ஆனால் வாரத்துக்கு ஒருத்திக்குத்தான். சூளையில் மேஸ்திரியிடம் மட்டுமே போன் இருக்கும். சிக்னல் கிடைத்து, மேஸ்திரி எடுத்து, அம்மாவைத் தேடிக் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மிஸ்ஸோ நாலு மணிக்கு விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் எட்டுப் பெயரையும் சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுப்பார்; படித்துவிட்டு அதைத் திரும்ப உள்ளேயே போட்டுவிடுவார்.

அன்புச்செல்வியின் பெயர் இதுவரை ஒருமுறைகூட வரவில்லை.

"இத்தினி வாரமா வரல இல்ல? இந்த வாரம் பாரு, உனுக்குத்தான்," என்பாள் பக்கத்துப் பாயில் படுக்கும் ஷாலினி. அவளும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. எல்லா வாரமும் இதையே சொன்னாள். வரவில்லை.

ஒரு புதன்கிழமை பெருமுக்கல்லிலிருந்து ராஜாமணி அக்கா விடுதிக்கு வந்தார். அம்மா வேலை செய்யும் அதே சூளையில் வேலை செய்பவர். ஒரு சாவுக்காக ஊருக்கு வந்திருந்தார். அம்மா கொடுத்தனுப்பிய மல்லாட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம ஆனா உங்கம்மா காலையிலயே தல வாரிக்கினு மேஸ்திரி கொட்டாய்கிட்ட போய் நின்னுடும். நீ எப்ப கூப்புடுவியோன்னு சோறுகூட துன்னாது. சொன்னாலும் கேக்காது."

அன்புச்செல்வி அந்த வேர்க்கடலையில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. மற்ற ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிறும் மிஸ் டப்பாவைக் குலுக்கி எடுத்தார். "ஷாலினி."

ஷாலினிக்கு இது மூன்றாவது தடவை.

அன்புச்செல்வி எழுந்து நின்றாள். "மிஸ், என் சீட்டு உள்ள இருக்குதா?"

மிஸ் கோபப்படவில்லை. டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். அவள் பெயர் அங்கேதான் இருந்தது, ஓரம் கசங்கி.

இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சண்டை போடலாம். இப்போது யாரோடு சண்டை போடுவது? துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். அம்மா இந்நேரம் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள். அடுத்த வாரமும் நிற்பாள். அதற்கு அடுத்த வாரமும்.

அழுது ஓய்ந்தபோது கீழே கிடந்த புளியங்கொட்டைகள் கண்ணில் பட்டன. எட்டைப் பொறுக்கினாள். ஒன்றைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினாள். அதுதான் அவள். எல்லாவற்றையும் கல்மேல் கிடந்த டம்ளரில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். மிஸ் சீட்டைத் திரும்பப் போடுவதைப் போலவே அதைத் திரும்பப் போட்டாள். மறுபடி எடுத்தாள். எவ்வளவு நேரமானாலும் வெள்ளை வரவில்லை. பிறகு திடீரென்று இரண்டு முறை அடுத்தடுத்து வந்தது.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?" போன் பேசி முடித்த ஷாலினி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அந்த டப்பாவுக்கு ஞாபகமே கிடையாதுடி. போன வாரம் யாரு பேசினாங்கன்னு அதுக்குத் தெரியாது. நான் எத்தினி வாரமா காத்துக்கினு இருக்கேன்னும் தெரியாது. ஒவ்வொரு வாரமும் அதுக்கு மொத வாரந்தான்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

அன்புச்செல்வி ஒரு கொட்டையை எடுத்தாள். இந்த முறை அதைத் திரும்பப் போடாமல் கீழே வைத்தாள். அடுத்ததையும் அப்படியே வைத்தாள். டம்ளரில் கொட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஆறாவதாக வெள்ளை வந்தது. மறுபடி செய்தாள். இந்த முறை கடைசியாக வந்தது.

"எடுத்தத திரும்பப் போடலன்னா, கடைசியிலயாவது வந்துதான் ஆவணும்," என்றாள்.

ஷாலினியின் முகம் வாடியது. "அப்ப எனுக்கு?"

"எல்லாரும் பேசி முடிச்சதும் எட்டு சீட்டும் மறுபடி உள்ள போவும். உனுக்கும் கட்டாயம் வரும்டி."

ஷாலினி புளியங்கொட்டைகளை அள்ளி டம்ளரில் போட்டாள். "சரி, எழுந்து வா. மிஸ்கிட்ட நானே சொல்றேன். மூணு வாட்டி பேசினவ சொன்னாத்தான் எடுபடும்."

மிஸ் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ஷாலினி சொன்னதைக் கேட்டு நின்றார். "திரும்பப் போட்டாதானேம்மா எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு?" என்று கேட்டார்.

"ஒரே வாய்ப்புதான் மிஸ். ஆனா எங்கம்மா சோறு துன்னாம நிக்குது," என்றாள் அன்புச்செல்வி.

மிஸ் கைப்பையைக் கழற்றி வைத்தார். டப்பாவைத் திறந்து, ஏற்கெனவே பேசியவர்களின் சீட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மூன்று மிஞ்சின.

அடுத்த ஞாயிறு மலர்விழியின் பெயர் வந்தது. இரண்டு மிஞ்சின. ஒன்று அன்புச்செல்வியுடையது. இன்னொன்று நாலாம் வகுப்புக் கலைப்பிரியாவுடையது. அந்தக் குட்டி வாரம் முழுக்க அன்புச்செல்வியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது.

"அக்கா, என்னுது வருமா?"

"உன்னுது வரலாம், என்னுது வரலாம். பாதிக்குப் பாதி."

ஞாயிறு வந்தது. மிஸ் குலுக்கினார்.

"கலைப்பிரியா."

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் அன்புச்செல்வியையே பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, பொய் சொல்வானேன். அம்மா இன்றைக்கும் நின்றுகொண்டிருப்பாளே. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு சீட்டு கிடந்தது.

"மிஸ், அடுத்த வாரம் குலுக்கவே வேணாம். நான்தான். மேஸ்திரிக்கு இப்பவே மெசேஜ் போட்டுடறீங்களா? எத்தினி மணிக்குன்னும் சொல்லிடுங்க."

மிஸ் அங்கேயே நின்று மெசேஜ் அனுப்பினார். கலைப்பிரியா அம்மாவோடு பேசி முடிக்கும்வரை அன்புச்செல்வி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு மூன்று மணி. முதல் ரிங்கிலேயே போனை எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, சோறு துன்னியா?" இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. இதுதான் முதலில் வந்தது.

"துன்னேன் கண்ணு. இன்னிக்கி நீதான்னு தெரிஞ்சிடுச்சே. வயிறார துன்னுட்டு, நெழல்ல குந்திக்கினு இருந்தேன்."