இன்னும் கொஞ்சம் கோடு குறைங்க

பள்ளிக்கூடம் விட்டு அம்மா வேலை பார்க்கும் கடைக்கு வந்த மகளின் புருவத்தில் தழும்பைக் காணோம். மூன்று வயதில் கட்டிலிலிருந்து விழுந்து நாலு தையல் போட்ட தழும்பு. அம்மா கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், தோல் வழவழவென்றிருந்தது. வளர வளர மறையும் என்று டாக்டர் சொன்னாரே என்று தேற்றிக்கொண்டாள். மகளைப் பின்னறைக்கு அனுப்பி, வாய்ப்பாடு படிக்கச் சொன்னாள்.

புகைப்படத்தைக் கணினியில் போட்டால் ஓவியமாக்கித் தரும் கடை அது. வாசலில் மாட்ட மாதிரிப் படம் கேட்டார் முதலாளி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மகளின் படத்தையே ஏற்றி, மதியம் அந்தத் தழும்பை அழித்திருந்தாள்.

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் கோடு குறைங்க. நாலே கோட்டுல முகம் வந்துடணும்," என்றார், நேராக ஒரு கோடு போடத் தெரியாத முதலாளி. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சூடான மையின் வாசனையும் அச்சு இயந்திரத்தின் முனகலும் நிறைந்த கடையில், பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து மகளின் குரல் ராகம் போட்டு வந்துகொண்டிருக்க, அம்மா திரையில் கோடுகளைக் குறைக்கும் பட்டையை வலப்பக்கம் மெல்ல இழுத்தாள். படத்தில் இமை முடிகள் உதிர்ந்தன.

"ஏழு மூணு இருபத்தொண்ணு... அம்மா, கண்ணுல தூசியா விழுது!"

"கழுவிக்கோடி."

இன்னும் இழுத்தாள். மூக்கு இரண்டு புள்ளியாயிற்று. பின்னறையில், குக்கர் விசிலடிக்குமுன் வருவதுபோல் ஒரு சீறல். இன்னும் கொஞ்சம். உதடுகள் ஒட்டி ஒரே கோடாயின, சிரிக்கிற கோடு. நிஜத்தைவிட இது அழகு என்று பெற்றவளுக்கே தோன்றியது. சேமித்தாள்.

"ஏழு அஞ்சு ம்ம்... ம்ம்ம்."

"விளையாடாம படிடி!"

"ம்ம்ம்! ம்ம்ம்!"

தழும்பு ஞாபகம் வந்தது. பட்டையை இடப்பக்கம் இழுத்தாள். அசையவில்லை. பழைய புகைப்படத்தைத் தேடினாள். அதே பெயரில், அதன் மேலேயே சேமித்திருந்தாள். இனி இருப்பது ஓவியம் மட்டும்.

பின்னறைக் கதவு திறந்தது.

இமை முடியற்ற கண்கள். ஊசித் துளைபோல் இரண்டு புள்ளிகள். கீழே, பிளவே இல்லாத கறுப்புக் கோடு. சிரித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, அழாதேடி. ஐயோ, அழாதே!"

மகள் அழுதாள். அழ அழ, துளைகளில் சளி அடைத்தது. சீறல் மெலிந்தது. முகம் நீலம் பாய்ந்தது.

ஸ்டிக்கர் வெட்டும் கத்தி மேசையில் கிடந்தது. மகள் அதை எடுத்தாள். அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு முகவாயை உயர்த்தி, கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் இழுத்துக் காட்டிவிட்டு, ஆடாமல் அசையாமல் நின்றாள்.